வெயிலுகந்தாள் என்று ஒரு மருமகள்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே தலைவலி. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, பதிவு செய்தது இன்னும் வரவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் இட்லி வைத்தேன், கல்லாக வந்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் பேங்குக்குப் போனார். ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவதும் ஒரு விமர்சனம்தான், எனக்குத் தெரியாதா?

மதியம் சாலிகிராமம் ஆபீசில் "வாழைமர வாசல்" கதை விவாதம். நான் வசனம் எழுதும் இந்த மெகா சீரியலுக்குச் சேனல்காரர்கள் புதிதாக ஒரு மருமகள் கேட்கிறார்கள். தெற்கத்திப் பெண். வரும்போது குத்துவிளக்கு மாதிரி வருவாள், வந்த பிறகு மாமியாரைப் பட்டினி போடுவாள். கதை பிடிபட்டுவிட்டது. பேர்தான் சிக்கவில்லை.

"பேரைக் கேட்டாலே மண்ணு வாசம் வரணும் மேடம்," என்கிறார் டைரக்டர் கமலநாதன். "மாமியார் அழுதுக்கிட்டே மூணு தடவை கூப்பிடுற மாதிரி இருக்கணும். வேற சேனல்ல இருக்கக் கூடாது."

நானும் பேராகக் கொட்டினேன். ஒன்று மேனேஜருடைய அக்கா பேர். ஒன்று சேனல் மேடத்தின் அம்மா பேர். இன்னொன்று கேமராமேன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் பேர். எங்கள் ஆபீசில் இது ஒரு சட்டம். வில்லிக்குப் பேர் வைப்பதற்கு முன்னால் டைரக்டர் வட்டமாக உட்காரவைத்து, "யார் வீட்லயாவது இந்தப் பேர் இருக்கா?" என்று கேட்பார். டீ கொடுப்பவர் முதல் தயாரிப்பாளர் வரை எல்லாரும் "இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பலகையில் எழுதுவார். முன்பொரு தடவை லைட்மேன் ஒருவரின் மனைவி பேரை ஒரு ஓடுகாலிக்கு வைத்துவிட, அந்த அம்மா கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள். அதிலிருந்துதான் இந்தச் சட்டம்.

வியாழக்கிழமைக்குள் பேர் வேண்டுமாம்.

ஜூன் 4, புதன்

விருதுநகரிலிருந்து மதினி போன். காளிராஜ் அண்ணனுக்குப் பேச நேரமில்லை, பஜாரில் கடை. எப்போதும் மதினிதான் பேசுவாள்.

"கனகு, அத்தை நேத்து பாத்ரூம்ல வழுக்கிட்டாக. பயப்படாத, முட்டியில சிராய்ப்புதான். டாக்டர்ட்ட காட்டியாச்சு."

"பார்த்துக் கூட்டிட்டுப் போகக் கூடாதா மதினி?"

"கூடத்தான் இருந்தேன். கை நழுவிருச்சு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். வாசல்ல ஆட்டோ நின்னாப் போதும், கனகு வந்துட்டாளான்னு கேக்காக. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கும் நீ வரல. பெத்த மக கையால ஒரு வாய் வாங்கித் தின்னா அவுகளுக்குத் தெம்பு வந்துரும்."

என்ன நயமாகக் குத்துகிறாள்! நான் என்ன ஊர் சுற்றிக்கொண்டா இருக்கிறேன்? தினம் ஒரு எபிசோட் எழுத வேண்டும். மகளுக்குப் பிளஸ் டூ. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன அம்மாவை இந்தப் படியில் யார் தூக்குவது? இதெல்லாம் மதினிக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள்.

"பாக்குறேன் மதினி," என்று வைத்துவிட்டேன். பிறகு வெகுநேரம் ஒரு வரி ஓடவில்லை. மாவு அரைத்தேன். கோபத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

பேர் கிடைத்துவிட்டது. வெயிலுகந்தாள்.

விவாதத்தில் யாருமே எதிர்பார்க்கவில்லை. தானாக நாக்கில் வந்து உட்கார்ந்தது. கமலநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "வெயிலு... அடி வெயிலு... அட, அட! எங்க புடிச்சீங்க மேடம்?" என்றார். "ஊர்ப்பக்கம் அம்மன் பேர் சார், வெயிலை விரும்பி ஏத்துக்கிட்டவன்னு அர்த்தம்," என்றேன்.

பிறகு வழக்கப்படி வட்டமாகக் கேட்டார். டீ அண்ணன் இல்லை என்றார். கேமராமேனும் இல்லை என்றார். மேனேஜரும். என் முறை வந்தபோது நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கமலநாதன் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். கொண்டு வந்தவளிடமே கேட்பானேன் என்று நினைத்திருப்பார்.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

பேருக்குச் சத்தம்தான் முக்கியம். இழுத்துக் கூப்பிட வசதியான பேர். மதினியின் பேராக இருப்பது தற்செயல். அவள் பிறந்த வீட்டில் தலைமுறைக்கு ஒரு மூத்த பெண்ணுக்குக் குலதெய்வம் பேரை வைப்பார்கள், அந்த வழியில் வந்தது. அவள் ஒருத்திதான் அந்தப் பேருக்குச் சொந்தக்காரியா என்ன? ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

மாலை சிலிண்டர் வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

மதினிக்குப் போன் செய்து முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். துணி நிறைய இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

புது மருமகளாக நடிக்கும் பெண் பெங்களூர்க்காரி. தன் பேரைத் தானே சொல்ல வரவில்லை அவளுக்கு. "வெய்லு... கந்தா..." என்று இரண்டாகப் பிய்க்கிறாள். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முன்னோட்டம் நேற்றிலிருந்து ஓடுகிறது. மஞ்சள் புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் ஆரத்தித் தட்டு. "வருகிறாள் வெயிலுகந்தாள்!"

சாயங்காலம் மதினி. போனை எடுத்ததும் ஒரே சிரிப்பு.

"கனகு! என் பேரை வச்சிருக்கியாமே! உங்கண்ணன் கடையில பாத்துட்டு ஓடி வந்து சொல்றாக. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல போ!"

போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுப்பை அணைத்தேன்.

"பள்ளிக்கூடத்துல இந்தப் பேருக்காக என்ன கேலி தெரியுமா? மழை பேஞ்சா, ஏட்டி நீ வீட்டுக்குப் போன்னு வெரட்டுவாளுக. கல்யாணப் பத்திரிகையில போடக்கூட உங்க அப்பா யோசிச்சாக. இப்பப் பாரு, டிவியில எவ்வளவு பெரிய எழுத்துல! அத்தைட்ட சொன்னேன், ஒங்க மக என் பேரை ஊரறிய வச்சிட்டான்னு. அவுகளும் சிரிக்காக. என்னை நெனச்சுத்தானே வச்ச?"

"ஆமா மதினி," என்றேன். "உங்களை நெனச்சுத்தான்."

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறவளிடம், கொஞ்சம் பொறுங்கள், அவள் மூன்றாம் வாரம் சோற்றுப் பானையைப் பூட்டுவாள் என்றா சொல்வது?

தெருவில் எல்லாருக்கும் அதிரசம் கொடுத்தாளாம்.

ஜூலை 11, வெள்ளி

இந்த வாரம் முழுக்க வெயிலுகந்தாள் நல்லவள். மாமியாருக்குக் கால் அமுக்கிவிடுகிறாள். மதினி தினமும் போன் செய்து, "நேத்து அந்தப் பிள்ளை கோலம் போட்டது அழகு," என்கிறாள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து டிவி முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறாளாம். பேர் போடும்போது "வசனம் கனகமணி" வந்ததும் அம்மா இடது கையைத் தூக்கிக் காட்டுகிறாளாம்.

எனக்குக் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற மாதிரி இருக்கிறது. மதினிக்குக் கொஞ்சமாவது சந்தேகம் வர வேண்டாமா? சீரியலில் முதல் வாரம் கால் அமுக்குகிறவளை நம்பலாமா?

ஜூலை 22, செவ்வாய்

நேற்று ஒளிபரப்பானது. மருமகள் சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறாள். மாமியார் கதவைத் தட்டி அழுகிறாள். "பெத்த மக கையால ஒரு வாய்ச் சோறு திங்கக் குடுத்து வைக்கலையே! இந்த வெயிலு கையில பட்டினி கிடக்கணும்னு எழுதியிருக்கே!"

அந்த வசனத்துக்கு ஸ்பாட்டில் கைதட்டினார்களாம். எழுதும்போது எனக்கும் அழுகை வந்தது உண்மை. "பெத்த மக கையால" என்கிற வரி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எழுத்தில் அதெல்லாம் தானாக வரும்.

மதினி இன்று போன் செய்யவில்லை. நானும்.

ஜூலை 24, வியாழன்

ரேட்டிங் எகிறிவிட்டது. ஆபீசில் பிரியாணி. கமலநாதன் எல்லார் முன்னாலும், "பேர்தான் சார் ஓடுது, பேர்தான்!" என்று என் பக்கம் கை காட்டினார். எனக்கு எலும்பு தொண்டையில் மாட்டியது.

திரும்பி வரும்போது மனசு கேட்காமல் நானே மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, பேரு... அது டைரக்டர் வச்சது. என் கையில ஒண்ணும் இல்ல."

"சரி கனகு."

"அந்தப் பாத்திரம் இப்படிப் போகும்னு எனக்கே அப்பத் தெரியாது."

"கதைதானே. அந்தப் பிள்ளை நல்லா நடிக்கு." பிறகு, "அத்தைக்கு இனிமே போடட்டா, வேண்டாமா? அவுகளுக்குச் சிலது நெசம் சிலது பொய்யின்னு பிரிபட மாட்டேங்கு. அதுதான் கேக்கேன்," என்றாள்.

நிறுத்திவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா இடது கையைத் தூக்கிக் காட்டுவதை நினைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கும் ஒரே வழி அந்த ஒரு வரிதான்.

"போடுங்க மதினி. கதைதானேன்னு நீங்களே சொன்னீங்களே," என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

மகளுக்குக் காய்ச்சல். கஷாயம் வைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் போன். அவன் கூப்பிட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஏ பிள்ள, நீ அந்தப் பேரை மாத்திரு."

மாவு மில்லில் மதினியை, "என்ன வெயிலு, மாமியாருக்குச் சோறு வச்சிட்டு வந்தியா, பூட்டிட்டு வந்தியா?" என்று கேட்கிறார்களாம். முதலில் மதினியும் சேர்ந்து சிரித்தாளாம். இப்போது மாவை அண்ணன்தான் அரைத்து வருகிறான். போன வாரம் சிவகாசிப் பெரியம்மா அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள். வந்தவள் நேராக அடுக்களைக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்திருக்கிறாள். அம்மாவின் கையைப் பிடித்துத் தோலை இழுத்துப் பார்த்து, "மெலிஞ்சுட்டியே முத்துக்கனி," என்று மதினி காதில் விழும்படி சொன்னாளாம்.

"வெயிலு அன்னைக்கு மத்தியானம் சாப்புடல. அம்புட்டுதான்."

"சீரியல்ல நடுவுல பேரை மாத்த முடியாதுண்ணே. எங்க கையில இல்ல."

"பின்ன யாரு கையிலத்தா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

கஷாயம் பொங்கி அடுப்பு அணைந்துபோயிருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

கமலநாதனிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். பேரைச் சுருக்கி வேறு மாதிரிக் கூப்பிட்டால் என்ன சார் என்று. "தங்க முட்டை போடுற கோழிய யாராவது குருமா வைப்பாங்களா?" என்றார்.

காரணம் கேட்டார். சும்மாதான் என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக வந்தது. சேனல் கேட்டபடி, மருமகள் பாலில் மாத்திரை கலக்கும் காட்சியை எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 6, சனி

அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

அண்ணன் அழுதுகொண்டே சொன்னான். அவன் அழுது நான் அப்பா சாவில் பார்த்ததுதான். "வெயிலு கையை நீட்டுனா வாயை இறுக்கி மூடிக்கிடுது. பால்ல என்னத்தையோ கலந்திருக்கான்னு துப்புது. நான் ஊட்டுனா, நீ அவ புருசன்தானே, நீயும் கூட்டுங்குது. டாக்டர் வந்து குளுகோஸ் ஏத்திட்டுப் போயிருக்காரு. எத்தனை நாளைக்குத் தாங்கும் அந்த உடம்பு?"

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மா, நான் கனகு. நீங்க டிவியில பாக்குறது கதைம்மா. நடிக்கிறாங்க. மதினி அப்படியா? இத்தனை வருசமா உங்களை யாரு பாக்குறா, சொல்லுங்க?"

அம்மாவுக்குப் பேச்சு குழறும். ஆனால் இதை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

"நீதானே எழுதுற?"

"ஆமாம்மா. நான்தான் எழுதுறேன். எல்லாம் நானா எழுதுறது."

"என் மக பொய்யா எழுதுவா?" என்றாள் அம்மா. "உனக்குத் தெரிஞ்சுதான் எழுதுற. நீ எழுது தாயி. நாலு பேருக்குத் தெரியட்டும்."

பக்கத்தில் மதினி நின்றிருப்பாள். அவள்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பாள். அம்மாவின் கையில் போன் நிற்காது.

ஐயோ, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்!

செப்டம்பர் 8, திங்கள்

சொல்லிவிட்டேன். கமலநாதனிடமும் சேனல் மேடத்திடமும், ஆபீசில் எல்லார் முன்னாலும். வெயிலுகந்தாள் என் அண்ணன் மனைவி பேர், கேட்டபோது மறைத்தது என் தப்பு, என் அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள், அந்தப் பாத்திரத்தை விபத்தில் கொன்றுவிடலாம், காட்சி எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன் என்று தாளை நீட்டினேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. மேடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்போ நிஜமாவே ஒரு வெயிலு இருக்காங்களா!" என்றார். கண்ணில் என்ன வெளிச்சம்! "ஆயுத பூஜை ஸ்பெஷலுக்குக் கூட்டிட்டு வாங்க மேடம். ரெண்டு வெயிலுவையும் ஒரே மேடையில நிக்க வைப்போம்."

டீ அண்ணன் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். கிளாசை என் கையில் தராமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஊருக்குப் போக வேண்டும். நாளைக்கே ரயிலில் இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அண்ணன் போன். அம்மா நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடுகிறாளாம். ரசஞ்சோறு, அப்புறம் இரவு இட்லி.

"எப்படிண்ணே?"

"சாப்புடுது. விடு."

"மதினி கையாலயா?"

"அவ கையாலதான்," என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. மேலே கேட்கத் தோன்றவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளுக்குக் காலாண்டுப் பரீட்சை வேறு. எல்லாம் சரியாகிவிட்ட பிறகு போய் நின்றால் பழசைக் கிளறுகிற மாதிரி ஆகிவிடும்.

செப்டம்பர் 27, சனி

வாரா வாரம் கேட்கிறேன். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், நன்றாக இருக்கிறாள். டிவியை மாடிக்குத் தூக்கிவிட்டார்களாம்.

"என்னைத் தேடுறாங்களாண்ணே?" என்று இன்று கேட்டேன்.

"இல்ல பிள்ள. இப்பல்லாம் தேடுறதே இல்ல."

நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? மீன் வாங்கி வந்து கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். இவர் வந்து குழாயை மூடினார். "போயிட்டு வா கனகா, நானும் பாப்பாவும் பாத்துக்குறோம்," என்றார். இவரிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன். விருதுநகர்.

காலையில் வந்து இறங்கினேன். சொல்லிக்கொண்டு வரவில்லை. ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று கடை வாசல்களில் இன்னும் வாடவில்லை. ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். வாசலில் ஆட்டோ நின்றால் அம்மா கேட்பாள் என்று மதினி சொன்னது ஞாபகம் வந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. உள் அறையிலிருந்து அம்மாவின் குரல்.

"கனகு, இன்னுங்கொஞ்சம் ரசம் ஊத்தும்மா."

எனக்கு ஒரு கணம் நான்தான் உள்ளே இருக்கிறேனோ என்று ஆகிவிட்டது.

"ஊத்துறேம்மா. மெதுவா சாப்பிடுங்க. பொறை ஏறிடும்."

மதினிதான். ஆனால் மதினி பேச்சு இல்லை. சென்னைப் பேச்சு. நான் போனில் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையையும் கொஞ்சம் இழுத்து. "அத்தை" இல்லை, "அம்மா".

கதவோரம் நின்று பார்த்தேன். கட்டிலில் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மதினி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பீரோவில் நான் எப்போதோ விட்டுப்போன கடுகு நிறச் சேலை அவள் உடம்பில். தலைமுடியை என்னை மாதிரி தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள். முகத்தை லேசாகத் திருப்பியபோது கண்ணாடி தெரிந்தது. என்னுடைய பழைய கண்ணாடி, ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. அது இல்லாமலே அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

"இன்னைக்கு எழுத வேண்டாமா உனக்கு?"

"எழுதி முடிச்சுட்டேன்மா. உங்களுக்கு ஊட்டிட்டுத்தான் மத்த வேலை."

"இங்கயே இருந்துரு தாயி. அவகிட்ட என்னை விட்டுட்டுப் போயிராத."

"எங்கயும் போகலம்மா. இங்கதான இருக்கேன்." அடுத்த கவளத்தை உருட்டினாள். அம்மா பச்சைப் பிள்ளை மாதிரி ஆவென்று வாயைத் திறந்தாள். மதினி உள்ளே வைத்து, உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியவில்லை. அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு, "யாரது?" என்றாள்.

மதினி திரும்பினாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று கண்ணாடியைக் கழற்றினாள். திருடி அகப்பட்டவள் மாதிரி முகம் வெளிறிவிட்டது. திருடியது நான். எழுந்து, தட்டை என் பக்கம் நீட்டி, "அத்தை, இந்தா பாருங்க..." என்று தன் குரலில் ஆரம்பித்தாள். அம்மாவின் வாய் பட்டென்று மூடியது.

தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நான்தான் கனகு என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? இரண்டு கனகு நின்றால் அம்மா இரண்டு பேரையுமே நம்ப மாட்டாள். நான் இரண்டு நாளில் ரயில் ஏறிவிடுவேன். அப்புறம் யார் கையால் சாப்பிடுவாள்?

"நான்தான்," என்றேன். "வெயிலு."

மதினி வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்குள் அம்மா இடது கையை ஓங்கிவிட்டாள்.

"வந்துட்டியா பாவி! பூட்டிட்டுப் போனவ எதுக்குடி வந்த? இந்த வெயிலு கையில பட்டினி கிடக்கணும்னு எழுதியிருக்கேன்னு அழுதுக்கிட்டுக் கிடந்தேன், பாரு, என் மக வந்துட்டா! பெத்த மக கையால திங்கேன்டி! கனகு, அவளை உள்ள விடாத!"

அந்தப் பட்டினி வரி நான் எழுதிய வசனம். ஒரு சொல் கூடப் பிசகவில்லை.

"விடலம்மா," என்றாள் மதினி. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். நூல் காதில் சிக்கவில்லை. "நீங்க சாப்பிடுங்க. அவ வர மாட்டா."

அம்மா மிச்சத்தையும் சாப்பிட்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் மதினி அம்மாவுக்கு இட்லி ஊட்டும்போது நான் பின்கட்டில் துணி துவைத்தேன். ஆபீசிலிருந்து விடாமல் போன். அடுத்த வாரத்துக்கு வசனம் வேண்டுமாம். இனி நான் எழுதவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பினேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. நான் எழுதாவிட்டாலும் அந்த வெயிலு சாக மாட்டாள், வேறு யாராவது எழுதுவார்கள்.

மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து நானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டேன்.

"மதினி, அந்தப் பேரை நான்தான் வச்சேன். டைரக்டர் இல்ல. நீங்க ஊருக்கு வரச் சொன்ன கோவத்துல வச்சேன்."

"தெரியும்," என்றாள் கீரையைப் பார்த்துக்கொண்டே. "டைரக்டருக்கு எப்படி என் பேரு தெரியும்?"

"என்னை ரெண்டு திட்டு திட்டுங்களேன்."

"திட்டி என்னத்தைச் செய்ய?" ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள். "உன் பேருல இருக்குறது ஒண்ணும் கஷ்டம் இல்ல கனகு. சேலையக் கட்டுனேன், கண்ணாடியப் போட்டேன், பேச்சை மாத்துனேன். மொத நாளு அம்மான்னு கூப்புட மட்டும் நாக்கு கூசுச்சு. ஆனா கனகுன்னு கூப்புடும்போது அவுக மூஞ்சியப் பாக்கணுமே! இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருசத்துல என் பேரைச் சொல்லி அவுக ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல. அதைத்தான்... அதைத்தான் தாங்க முடியல."

அப்போதுதான் அழுதாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காமல். நானும் அழுதேன். எனக்கு அழ என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது, ஆனாலும் அழுதேன்.

மத்தியானம் சோறும் கீரைக் கடைசலும். மதினி கடுகு நிறச் சேலையில் உள்ளே போனாள். நான் நேற்று நின்ற இடத்திலேயே போய் நின்றேன். அம்மா திட்டட்டும், திட்டு வாங்கத்தான் நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். இரண்டு கவளம் போனது. அப்புறம் மதினியிடம் ரகசியம் பேசுகிற மாதிரிச் சொன்னாள், ஆனால் எனக்கு நன்றாகக் கேட்டது.

"கனகு, அவ நேத்துலருந்து நிக்கா பாரு. மூஞ்சியப் பாத்தா தின்ன மாதிரித் தெரியல. என்ன இருந்தாலும் நம்ம வீட்டுக்கு வந்த பிள்ளை. அவளுக்கும் ஒரு வாய் குடு தாயி."

மதினி எழுந்து வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் கலங்கியிருந்தது. தட்டிலிருந்து ஒரு கவளம் உருட்டி என் முன்னால் நீட்டினாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா வெயிலு," என்றாள் மதினி. "சாப்பிடு."

வாங்கிச் சாப்பிட்டேன்.